ஒன்றரை ஆள்

கஸ்பாரை அடக்கம் செய்த மறுவாரத்திலிருந்து அவருடைய தொட்டித் தண்ணீர் புளிக்கத் தொடங்கியது.

தெக்லா அதை முதலில் பொருட்படுத்தவில்லை. அந்தத் தொட்டி அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே உப்புத்தண்ணீர். அதற்குள் மான்கொம்பு போல் கிளைவிட்ட பவளங்கள். மீன் ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் குடியிருப்பில் எல்லோரும் அதை மீன்தொட்டி என்றுதான் சொல்வார்கள். மன்னார் வளைகுடாவில் கடைசியாக உயிரோடு இருந்த பாறையிலிருந்து ஒடித்துவந்த துண்டுகள் அவை என்று கஸ்பார் பெருமை பேசுவார்.

கடலில் இப்போது பவளம் இல்லை. தெற்கிலிருந்து காற்று எழும்பும் மாதங்களில் அழுகிய கடலிலிருந்து மஞ்சளாக ஒரு வாயு கிளம்பித் தூத்துக்குடியின் மேல் கவியும். கூடவே ஒரு பூஞ்சையும் வரும். அந்த மாதங்கள் முழுக்க ஊர் அடைத்த கட்டடங்களுக்குள் போய்விடும். அதற்கு அடைப்பு என்றே பெயராகிவிட்டது. கட்டடத்தின் அடித்தளத்தில் ஓடும் எந்திரம் காற்றைச் சுத்தம் செய்து, சுவருக்குள் போகும் கூண்டு வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பும். இத்தனை பேருக்கு இவ்வளவு காற்று என்று கணக்கு. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கு மேலும் ஒரு மூச்சுமானி இருக்கும். உள்ளே சேரும் கரியமில வாயுவை அளந்து, எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அது காட்டும். பதிவான எண்ணிக்கையைத் தாண்டினால் காற்று அலுவலகத்திலிருந்து ஆள் வரும்.

அடைப்புக் காலத்தில் வெளியே போகிறவர்கள் ஒரு சிலர்தான். காற்று உள்ளே நுழையும் வாய்களில் படிகிற சேற்றை வழித்தெடுக்கும் வெளிப்பணிக்காரர்கள். முகமூடியும் முதுகில் சிலிண்டருமாகப் போய்வருவார்கள். கஸ்பாருக்கு அந்த வேலை. அவரோடு ஜோடியாகப் போகிறவன் மேல்வீட்டு தொபியாஸ். ஒரு நாள் போன இரண்டு பேரும் திரும்பவில்லை. கஸ்பாரின் உடல் கடற்சுவர் ஓரத்தில் கிடைத்தது. முகத்தில் முகமூடி இல்லை. தொபியாஸ் கிடைக்கவே இல்லை. அலை கொண்டுபோயிருக்கும் என்று சொல்லி, இரண்டு பெயர்களையும் ஒரே நாளில் பதிவிலிருந்து அடித்தார்கள். தெக்லா வீட்டு வாசலில் இரண்டு என்றிருந்த எண் ஒன்றாயிற்று.

தொபியாஸின் மனைவி மெற்றில்டா தினமும் மத்தியானம் இறங்கிவந்து தெக்லாவோடு சாப்பிடுவாள். ஒரே நாளில் தாலி அறுத்த இரண்டு பேர். பேச்சு அதிகம் இருக்காது. அன்றைக்கு அவள்தான் கேட்டாள்.

“என்னக்கா, நெதமும் அந்தத் தொட்டியவே பாத்துக்கிட்டு இருக்கிய?”

“தண்ணி புளிக்குது மெற்றில்டா. அவிய இருக்கும்போது பி.எச். எட்டே காலுல நிக்கும். இப்ப ஏழே முக்காலுக்கு வந்துட்டு.”

“அப்படின்னா?”

“அது கூடுனா தண்ணில காரம் இருக்குன்னு அர்த்தம். கொறைஞ்சா புளிப்பு. பவளம்னா என்ன, சுண்ணாம்புதானே? புளிச்ச தண்ணில சுண்ணாம்பு கரையும். இந்தா, இந்தக் கொம்பு நுனியப் பாரு. மழுங்கி இருந்தது ஊசியா ஆயிட்டு.”

“எதனால புளிக்கும்?”

“நாம விடுத மூச்சுதான். சோடா பாட்டில்ல கேஸ் அடைச்சா எப்படி, அப்படி. அடைச்ச வீட்டுக்குள்ள ஆள் கூடக்கூடத் தண்ணி கெடும். அதுக்குத்தான் அவிய என்னைய இந்த ரூமுல உக்காரவே விட மாட்டாவ. நீ மூச்சு விடாத எடமாப் பாத்துப் போன்னுவாவ.”

மெற்றில்டா சிரிக்கவில்லை. “இப்ப ஆள் கொறைஞ்சில்லா போச்சு?”

“அதான் வெளங்கல. ஒரு ஆள் போனா தண்ணி தெளியணும். இது ரெண்டு பேரு இருந்ததவிட மோசமாப் போவுது.”

மெற்றில்டா தட்டில் கை கழுவினாள். சோறு பாதி அப்படியே இருந்தது. “வாரேன்க்கா” என்று எழுந்து போய்விட்டாள்.

சில நாளில் வாசலில் இருந்த மூச்சுமானியின் எண்ணும் அசைந்தது. ஒன்று என்றிருந்தது ஒன்றே கால் ஆயிற்று. பிறகு ஒன்றரை. தெக்லா ஸ்டூலைப் போட்டு ஏறி அதைத் தட்டிப் பார்த்தாள். எண் மாறவில்லை. வீட்டில் ஒன்றரை ஆள் இருப்பதாக அது சொன்னது. அவள் சமையலறையைப் பார்த்தாள். குளியலறையைப் பார்த்தாள். பிறகு, தன்னையே திட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலும் பார்த்தாள்.

பவளத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த எண்ணுக்காகவாவது ஏதாவது செய்ய வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் வேலை அவளுக்கு. மயக்க மருந்து எந்திரத்தைக் கவனித்துக்கொள்கிறவள். அந்த எந்திரத்தில் சோடா லைம் என்ற வெள்ளைக் குருணை இருக்கும். நோயாளி வெளியே விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவை அது உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்ச உறிஞ்ச ஊதா நிறமாகும். பாதி ஊதாவானதும் மாற்றிவிடுவார்கள். மாற்றியதில் மிச்சமிருக்கும் வெள்ளைக் குருணையை அவள் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

கருவியை அவளே செய்தாள். பழைய தண்ணீர் வடிகட்டியின் கண்ணாடிக் கூட்டைக் கழுவிக் காயவைத்து, அடியில் ஒரு ஸ்பாஞ்சு, அதன்மேல் குருணை, மேலே இன்னொரு ஸ்பாஞ்சு என்று அடைத்தாள். தொட்டிக்குப் பின்னால் ஸ்கிம்மர் என்றொரு உருளை உண்டு. காற்றை உறிஞ்சி, தண்ணீருக்குள் நுரையாக அடித்து, அழுக்கைப் பிரிக்கிற சாதனம். எந்திரத்திலிருந்து வரும் புதுக்காற்றே கிடைக்கட்டும் என்று கஸ்பார் அதன் காற்றுக்குழாயைச் சுவர்க்கூண்டுக்குள் விட்டிருந்தார். அந்தக் குழாயை நடுவில் வெட்டி அவள் தன் கூட்டைப் பொருத்தினாள். அது போதாதென்று சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வழியாகத் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

பி.எச். ஏறியது. எட்டைத் தொட்டது. அவள் தனக்கே ஒரு காப்பி போட்டுக் குடித்தாள்.

ஆனால் ஒரு மாதமாவது தாங்க வேண்டிய குருணை மூன்றாம் நாளே முழுக்க ஊதாவாகிவிட்டது. தெக்லா கூட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இவ்வளவு வேகமாக ஊதா ஏறி அவள் ஓர் இடத்தில்தான் பார்த்திருக்கிறாள். தியேட்டரில். குழாயின் மறுமுனையில் ஒரு மனிதனின் வாய் இருக்கும்போது.

கூண்டுக்குள்ளிருந்து வரும் குழாயின் முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எந்திரக் காற்று குளிர்ந்து வறண்டிருக்கும், ஒரே சீராக வரும். இது வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாக இருந்தது. வந்தது, நின்றது, வந்தது, நின்றது.

முனையை வாயருகே கொண்டுவந்தாள்.

“நீங்களா?” என்றாள் குழாய்க்குள்.

மூச்சு நின்றுவிட்டது. அறையில் ஸ்கிம்மரின் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் மூச்சை நிறுத்தியிருந்தாள். பிறகு, ஒருவர் வெகுநேரம் அடக்கிவைத்திருந்து இனி முடியாமல் விடுவது போல், நீளமாக ஒரு காற்று அவள் கன்னத்தில் பட்டது.

தெக்லா படித்தவள். ஆபரேஷன் மேசையில் உயிர் போவதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்தவள். போன உயிர் எங்கும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை. ஆனால் அன்று அவள் கூட்டை மறுபடி பொருத்தாமல் அலமாரியில் வைத்துவிட்டாள். கருவி அவருடைய மூச்சைத் தின்கிறது என்று அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் நாற்காலியைத் தொட்டிக்கு அருகில் இழுத்துப் போட்டு, குழாயை மடியில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினாள். முதலில் சில்லறைப் பேச்சு. அரிசி புழுத்துவிட்டது, மூன்றாம் மாடியில் லிப்டு நின்றுவிட்டது. பிறகு கோபங்கள். “எங்க அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைய விடல நீங்க, தண்ணி மாத்தணும்னு.” அப்புறம் ஒரு நாள் அவளை அறியாமலே அது வந்தது.

“ஏழாம் மாசம் பிள்ள தங்காம போச்சுல்லா. ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்து விட்டுட்டு நேரா தொட்டியக் கழுவப் போயிட்டிய. நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரு வச்சிருந்தேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. கிளாரான்னு.”

மூச்சு மறுபடி நின்றிருந்தது. அவள் அழுது முடிக்கும் வரை அது வரவில்லை.

அவள் பேசிய அந்த வாரங்களில் பவளம் கரைந்துகொண்டிருந்தது. கிளை நுனிகள் உதிர்ந்து அடியில் வெள்ளை மணலாகக் கிடந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள். போகட்டும் என்று நினைத்தாள்.

ஒரு மத்தியானம் குழாய் இருமியது.

சின்ன இருமல்தான். யாரோ துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கியது. அடங்கிய பிறகு வந்த மூச்சின் கடைசியில் ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம். தெக்லாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். நுரையீரலில் நீர் கோத்தால் வருவது. செத்தவர்களுக்குச் சளி பிடிக்காது.

குழாயை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். ஸ்கிம்மரை அணைத்தாள். படியேறி மேல்வீட்டுக்குப் போனாள்.

மெற்றில்டா கதவைப் பாதிதான் திறந்தாள். தெக்லாவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பாதியையும் மூடப் போனாள். தெக்லா காலை வைத்துத் தடுத்தாள்.

“எங்கன வச்சிருக்க?”

“யாரையக்கா?”

“கத்தவா?”

மெற்றில்டா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். குளியலறைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டி வைக்கிற பரணைக் கையால் காட்டினாள். பரணின் கதவு இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. இந்த வீட்டு மூச்சுமானிக்கு எட்டாமலிருக்க இங்கே அடைத்துவிட்டு, அந்தப் பக்கம் சுவர்க்கூண்டின் தகட்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே விடுகிற மூச்சு கூண்டுக்குள் இறங்கும். கூண்டில் குழாயை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது தெக்லாவின் தொட்டி.

டேப்பை உரித்தபோது தொபியாஸ் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். நல்ல உடம்புக்காரன். இப்போது தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது.

“வெளிக்காத்தக் குடிச்சிருக்கான்” என்றாள் தெக்லா. கேள்வியாக இல்லை.

“ரெண்டு மூணு இழுப்புதான்க்கா” என்றாள் மெற்றில்டா கீழிருந்து. “காத்துவாய் வழியா தவந்து வந்துட்டாவ. சொன்னா, பூஞ்சை பிடிச்சவங்கள அடைக்குத முகாமுக்குக் கொண்டுபோயிருவாங்க. போனவங்க ஒருத்தராச்சும் திரும்பி வந்திருக்காங்களா? நீங்களே சொல்லுங்க.”

“அந்தப் பூஞ்சை தொத்துச்சுன்னா? இந்தக் கட்டடத்துல முன்னூறு குடும்பம் இருக்கு.”

“தொத்தாதுன்னும் டாக்டருங்க சொல்லுதாங்கல்லா? நான் கூடவேதான் கெடக்கேன். எனக்கு ஒன்னும் ஆவலியே. அவிய விடுத மூச்சு கூண்டுக் காத்துல கரைஞ்சு காணாமப் போயிரும்னுதான் நெனச்சோம். ஒங்க குழாய் அங்கன இருக்கது தெரியாதுக்கா. அன்னைக்கு நீங்க தண்ணி புளிக்குதுன்னு சொன்னப்பதான்…”

தெக்லா பரணைப் பார்த்துக் கேட்டாள். “எங்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?”

தொபியாஸ் இதைப் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தாமல் சொன்னான். “சுவத்தோரம் இருந்தோம்க்கா. எனக்கு சிலிண்டர் வாய் உடைஞ்சுட்டு. ஒரு மாஸ்க்குதான் இருந்தது. அண்ணன் தன்னோடதக் கழத்தி எனக்கு மாட்டுனாவ. நான் வேண்டாம்னேன். கேக்கல. தெக்லாவப் பாத்துக்கோடான்னாவ. அதான் கடைசி.”

இருபத்தெட்டு வருஷத்தில் கஸ்பார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ‘இந்தா’தான். மற்றவர்களிடம் பேசும்போது ‘வீட்டுல’. தன் திருப்புளியைக்கூடப் பக்கத்து வீட்டுக்கு இரவல் தராத மனிதர் அவர். அவர் முகத்திலிருந்து முகமூடி எப்படிக் கழன்றிருக்கும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டாள்.

“நான் பேசுனது எல்லாம் கேட்டுச்சா?”

அவன் தலையாட்டினான். “காதப் பொத்திப் பாத்தேன்க்கா. முடியல. பதில் சொல்லிருவனோன்னு பயம். அதான் நீங்க பேசும்போதெல்லாம் மூச்ச அடக்கிக்குவேன்.”

தெக்லா கீழே வந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் காற்று அலுவலகத்துக்குப் பேசும் சிவப்புத் தொலைபேசி இருந்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் ஒருவர் “சொல்லுங்க, சொல்லுங்க” என்றார். தன் வீட்டுக்காரரைக் கொன்றவன் மேலே இருக்கிறான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் நாக்கு நுனியில் அது இருந்தது. சொன்னால், கிளாராவின் பெயரைக் கேட்ட காதையும் சேர்த்து அனுப்பிவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது. இது என்ன நியாயம் என்று அவளுக்கே தெரியவில்லை. ரிசீவரை வைத்துவிட்டாள்.

அலமாரியிலிருந்து கூட்டை எடுத்தாள். இந்த முறை மூன்று கூடுகள் செய்தாள். ஆஸ்பத்திரிக் குருணை போதவில்லை. காவலாளி அறையில் வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் கேட்டு வாங்கி நனைத்து, உருட்டி, காயவைத்து அடைத்தாள். பழைய கம்ப்யூட்டரின் விசிறியைப் பூட்டிக் கூண்டிலிருந்து காற்றை இழுத்தாள். பார்க்கிறவர்களுக்கு, புருஷனின் தொட்டியைக் காப்பாற்றப் போராடுகிற விதவை. உண்மையில் அவள் காப்பாற்றியது வேறு. மூச்சுமானி ஒன்றே காலுக்கு இறங்கியது. ஆனால் மேலே இருமல் கூடக்கூட எண்ணும் ஏறியது. ஒன்றரை. ஒன்றே முக்கால்.

காற்று அலுவலகத்திலிருந்து இசக்கியப்பன் வந்தான். இளைஞன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “மன்னிச்சுக்கோங்கம்மா, எழவு வீடுன்னு தெரியும்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான். ஒவ்வோர் அறையாகப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் பார்க்கும்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“யாராவது இருக்காங்களாம்மா? சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க? எங்கிட்ட சொல்லிருங்க. நானா கண்டுபிடிச்சா ஒரு மாதிரி, நீங்களா சொன்னா ஒரு மாதிரி.”

“ஆரும் இல்ல தம்பி.”

“மீட்டர் ரெண்ட நெருங்குது. மீட்டரும் சரியாத்தான் இருக்கு, செக் பண்ணிட்டேன்.” அவன் கூடுகளைப் பார்த்தான். குனிந்து குழாய் போகும் திசையைப் பார்த்தான். சுவர்க்கூண்டு. “இது என்னது?”

“தொட்டிக்கு. பி.எச். ஏத்ததுக்கு. அவிய ஆசையா வளத்தது.”

“கூண்டுல குழாய் விடக் கூடாதும்மா. நான் இத எடுத்துட்டுக் கூண்ட மேல வரைக்கும் ஒரு தடவ தொறந்து பாத்துர்றேன்.”

தெக்லா அவனுக்கும் கூண்டுக்கும் நடுவில் வந்து நின்றாள். “அதெதுக்கு? அந்த முக்கா ஆள் இந்தத் தொட்டிக்குள்ள இருக்கு தம்பி.”

“என்னது?”

“வாங்க, காட்டுதேன்.”

சமையலறையிலிருந்து வினிகர் கொண்டுவந்து ஒரு டம்ளரில் ஊற்றினாள். தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பவளக் கிளையை ஒடித்தாள். அந்தச் சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாகக் கேட்டது. டம்ளரில் போட்டாள். கிளை முழுக்கக் குமிழி பொங்கியது.

“பாத்தியளா? சுண்ணாம்பு புளிப்புல கரையும்போது கரியமில வாயு வரும். நம்ம மூச்சுல வருத அதே வாயு. தொட்டித் தண்ணி புளிச்சுப்போச்சு. உள்ள இருக்கது எல்லாம் கரையுது. அதத்தான் ஒங்க மீட்டர் ஆளுன்னு எண்ணுது.”

இசக்கியப்பன் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தான். “இது வினிகரும்மா. தொட்டித் தண்ணி இவ்வளவு புளிக்காதே.”

சமையலறையில் பிளாஸ்டிக் கேன் நிறைய வினிகர் இருந்தது, குழாய்களில் படியும் சுண்ணாம்புக் கறையைக் கழுவ வைத்திருந்தது. தெக்லா அதைத் தூக்கி வந்தாள். மூடியைத் திருகி, முழுவதையும் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

தண்ணீர் வெளுத்துக் கொதித்தது போலாயிற்று. கிளைகளின் மேலிருந்த பழுப்பும் பச்சையுமான தோல் கிழிந்து மிதந்தது. வாசலுக்கு மேல் மூச்சுமானி ஏறத் தொடங்கியது. இரண்டு. இரண்டே கால். மூன்று. அறையில் அவர்கள் இருவர்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

இசக்கியப்பன் எண்ணைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். கடைசியாகச் சுவர்க்கூண்டு மேலே போய் மறையும் இடத்தை நிமிர்ந்து பார்த்தான். அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் மேலே ஒரு இருமல் வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். வரவில்லை.

“மீன்தொட்டின்னு எழுதிக்கிடுதேன்” என்றான். “இந்தத் தண்ணிய உள்ள எங்கயும் கொட்ட முடியாது. கதவு தொறக்கற வரைக்கும் இங்கனயே கெடக்கட்டும். அது வரைக்கும் மீட்டர் கூடத்தான் காட்டும்னு நானே எழுதிர்றேன்.” செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டான். “ஒங்க வீட்டுக்காரர் ரொம்ப ஆசையா வளத்ததும்மா இது?”

“ஆமா” என்றாள் தெக்லா. “என்னையவிட.”

ஐப்பசியில் வாடைக்காற்று வந்து கடலின் நாற்றத்தை எதிர்ப்பக்கம் தள்ளியது. கதவுகளைத் திறந்தார்கள். தொபியாஸுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இருமல் விடவில்லை. கட்டடத்தில் வேறு யாருக்கும் அந்த இருமல் வரவில்லை. செத்தவன் பெயரை வைத்துக்கொண்டு ஊரில் இருக்க முடியாது. தேனிப் பக்கம் மலையில் மெற்றில்டாவின் உறவினர் ஒருவர் இருந்தார். வேறு பெயரில் அங்கே போவதாக ஏற்பாடு. ஊரே கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலையில், கட்டடத்தின் பின்புறம் ஒரு காய்கறி லாரி நின்றது.

தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கிய தொபியாஸ் தெக்லாவின் முன்னால் நின்றான். மெற்றில்டா மூட்டையோடு முன்னே போய்விட்டாள்.

“அக்கா, அன்னைக்கு அண்ணன்…”

“சொல்லாத.”

“இல்லக்கா, நான் ஒங்ககிட்ட…”

“எனக்குத் தெரியும்ல. நீ சொன்ன அன்னைக்கே தெரியும்.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “பொறவு ஏன்க்கா?”

லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

“நான் பேசும்போது நீ மூச்ச நிப்பாட்டிக் கேட்டியே. அவிய உசுரோட இருந்த காலத்துல ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்ல. போ. மலைக்காத்துப் பட்டா நெஞ்சுச்சளி இளகும்.”

அவர்கள் போன பிறகு தொட்டியிலிருந்த வெள்ளைத் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து கடலில் கொட்டினாள். கண்ணாடிப் பெட்டியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாள். முன்னறை பெரிதாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு நாற்காலியைத் தவிர எதையும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுவர்க்கூண்டில் விட்டிருந்த குழாயையும் அவள் எடுக்கவில்லை.

அடுத்த அடைப்பு வந்தது. மேல்வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் வந்திருந்தது. உடன்குடிப் பக்கத்துக்காரர்கள். புருஷன் எந்திர அறையில் வேலை. கல்யாணமாகி ஆறேழு மாதம்தான் இருக்கும். அந்தப் பெண்ணின் பெயர் ஷீபா. தெக்லா அவளோடு இரண்டு மூன்று தடவை படிக்கட்டில் சிரித்ததோடு சரி.

ஒரு மத்தியானம் ஷீபா கதவைத் தட்டினாள். உள்ளே வரச் சொன்னபோது வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“அக்கா, ஒன்னு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டியளே? இந்த வீட்டுல… இந்தக் கட்டடத்துல செத்துப்போன பொம்பள யாராச்சும் இருக்காங்களா?”

“ஏன்?”

“எங்க வீட்டுப் பரணுல சத்தம் கேக்குது. மத்தியான நேரம். சுவத்துக்குள்ள இருந்து ஒரு பொம்பள பேசுதா. இவுககிட்ட சொன்னா சிரிக்காவ. எந்திரச் சத்தமாம். எந்திரம் அழுவுமா?”

தெக்லா அவளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “என்ன பேசுதா?”

“பாதிதான் வெளங்குது. வீட்டுக்காரர்கிட்ட சண்ட போடுத மாதிரி இருக்கும். சில நாள் தொபியாசு, தொபியாசுன்னு யாரையோ கூப்பிட்டு மலைல குளிருதான்னு கேப்பா. ஒரு நாள் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுனா.”

“பயமா இருக்கா?”

“மொதல்ல இருந்துச்சு. வேற வீடு கேக்கலாம்னுகூட நெனச்சேன்.” ஷீபா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். “இப்ப அந்த நேரம் வந்தா பரணுக்குக் கீழ போயி நிக்கேன். என்னமோ பாவமா இருக்கு. சத்தம் தெளிவாக் கேக்கணும்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அது கெட்டதாக்கா? எதுவும் பிடிச்சுக்குமா?”

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று சொல்லத் தெக்லா வாயெடுத்தாள். சொன்னால் அந்தப் பெண் சிரித்துவிடுவாள். மன்னிப்புக் கேட்பாள். நாளையிலிருந்து பரணுக்குக் கீழே வந்து நிற்க மாட்டாள்.

“அதெல்லாம் ஒன்னும் செய்ய மாட்டா” என்றாள். “நீ நின்னு கேளு.”